புதிய மனிதனும் பழைய வரிசையும்

கிறிஸ்தவன் யார் என்ற வினாவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவ சமூகத்திற் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுண்டு. கிறிஸ்தவனின் அடையாளம் புறத்தே தெரிவதன்று, உள்ளத்தில் நிகழ்வது. பிறப்பாலோ பெயராலோ வருவதன்று, இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் இடையேயுள்ள உறவால் வருவது. ஆகவே சாதி, மொழி, செல்வம், பதவி முதலிய உலகியல் வேறுபாடுகள் அதனைத் தொடுவதில்லை, அதுவும் அவற்றைத் தொடவேண்டியதில்லை என்பதே அவ்விடை. கேட்பதற்கு இது ஆழமான ஆன்மிக விளக்கம் போலத் தோன்றும். இதனைப் பணிவோடு போதிப்போரும் உளர். பணிவோடு கேட்போரும் உளர். ஆயின் இவ்விடையின் முற்பகுதி உண்மை, பிற்பகுதி வசதி. முற்பகுதிக்குரிய மதிப்பிலேயே பிற்பகுதியும் விலைபோய்விடுகின்றது. தமிழரிடையே கிறிஸ்தவம் பரவத் தொடங்கி ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் அதற்கு நேர்ந்த பேரிழப்பு புறப்பகைவரால் நேர்ந்ததன்று. இந்த வசதியால் நேர்ந்தது.

இவ்விளக்கத்தை முதலிற் கிறிஸ்தவத்தின் மூலநூலோடு ஒப்புநோக்குதல் வேண்டும். கிறிஸ்தவ அடையாளம் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் பவுல் அடிகளின் நிருபங்களாம். ஞானஸ்நானம் பெற்றோரிடையே யூதர், கிரேக்கர் என்றும், அடிமை, சுதந்திரன் என்றும், ஆண், பெண் என்றும் வேறுபாட்டுக்கு இடமில்லை எனக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவர் வற்புறுத்துகின்றார். இதனை எடுத்தாளாத கிறிஸ்தவ மேடை இல்லை எனலாம். ஆனால் அக்கருத்து எந்தச் சச்சரவிற் பிறந்தது என்பதை எடுத்துரைக்கும் மேடைகள் மிகச் சில. அதே நிருபத்தின் முற்பகுதி அச்சச்சரவை விவரிக்கின்றது. அந்தியோகியாவிற் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார்.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குதல் தகும். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுத்ததாக நிருபம் கூறவில்லை. யூதரல்லாதோர் மீட்படையார் என்று அவர் போதிக்கவில்லை; அவர்களை உள்ளத்தால் வெறுத்தார் என்பதற்கும் சான்றில்லை. அவர் செய்ததெல்லாம் எழுந்து வேறிடத்தில் அமர்ந்தமையே. அச்செயலையே பவுல் நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடை எனக் கொண்டார். உள்ளத்தில் ஒன்று, பந்தியில் வேறு என்ற ஏற்பாடு கிறிஸ்தவத்துக்கு இயல்பானதாயின், பேதுரு அதனையே தமக்கு நியாயமாகக் காட்டியிருக்கலாம். அந்நியாயத்துக்கு அன்று இடமளிக்கப்படவில்லை. கிறிஸ்தவ அடையாளம் பற்றி எழுந்த முதற் பெரும் சச்சரவு யார் யாரோடு உண்பது என்ற வினாவைப் பற்றியதாகவே அமைந்தது. தமிழர் சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வு நிலைகொண்டுள்ள இடங்களில் ஒன்றும் அப்பந்தியே. ஆகவே கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எவ்வித விளக்கவுரையும் இன்றியே விளங்கியிருக்கவேண்டிய நூலாகும். அதுவே அவர்களிடையே மிகவும் பூசி மெழுகப்பட்ட நூலாயிற்று.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு இலங்கையின் வரலாறு விடை தருகின்றது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, தமது சீர்திருத்தச் சபையை நாட்டினர்மீது சுமத்தினர். அரசாங்க உத்தியோகம் வேண்டியோர் அச்சபையின் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் அவசியமாயிற்று. தோம்புகளில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவராகப் பதியப்பட்டனர். அவர்கள் தோம்பிற் கிறிஸ்தவராகவும் வீட்டிற் சைவராகவும் வாழ்ந்தனர். 1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கிப் பிரித்தானியர் ஆட்சி வந்தபின், ஒரு தலைமுறைக்குள் அக்கிறிஸ்தவம் ஏறக்குறைய இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. அதிகாரம் வழங்கிய அடையாளம் அதிகாரத்தோடு போயிற்று. இதில் வியப்பில்லை.

அதே காலத்தில், அதே மண்ணில், வேறொரு கிறிஸ்தவமும் இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றியபின், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவானவரின்றியே கத்தோலிக்கர் தமது வழிபாட்டை மறைவாகப் பேணினர். 1687 இற் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார், இரவலர் கோலத்தில் ஊரூராகத் திரிந்து அம்மக்களைத் தேடிக் கண்டார். 2015 இற் கொழும்பிற் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்ட அவரை இன்று எல்லோரும் போற்றுகின்றனர். ஆனால் அவரைக் காத்து மறைத்தோர், தண்டனைக்கு அஞ்சாது கதவைத் திறந்தோர், பெயர் தெரியாத மக்களேயாவர். அவர்களுடைய அடையாளம் எந்தத் தோம்பிலும் இல்லை. அது வெறும் உள்ளத்து உணர்ச்சியாகவும் இருக்கவில்லை. எவருக்குக் கதவு திறப்பது என்ற செயலில் அது இருந்தது. ஒல்லாந்தரின் தோம்புக்கும் அத்திறந்த கதவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தமிழ்க் கிறிஸ்தவம் பின்னர் மறந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன்கள் இம்மறதியை நீக்க முயன்றன என்பதும், அம்முயற்சியில் அவை பாதிவழியில் நின்றுவிட்டன என்பதும் சேர்த்தே சொல்லப்படவேண்டும். 1816 இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியது. 1841 இல் உதயதாரகையை வெளியிட்டது. தமிழுக்கும் கல்விக்கும் அது செய்த தொண்டு பெரிது. எனினும் அதன் தொடக்ககால விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற உயர்சாதி மாணவர், கிறிஸ்தவர் வாழும் வளவினுள் உண்ண மறுத்தபோது, அவ்வளவுக்கு வெளியே உண்ணுமிடம் அமைத்துக் கொடுக்கப்பட்டது. அதே பாடசாலைகளில் மாணவர்க்கு, அவர்களது கல்விக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்கள் அவ்வழக்கத்தை நினைவூட்டுவன. பெயர் மாற்றப்பட்டது, பந்தி மாற்றப்படவில்லை. மாற்றவேண்டாததை மாற்றி, மாற்றவேண்டியதை விட்டுவைத்த இப்பிழை, பின்வந்த தலைமுறைகளின் வழக்கமாயிற்று.

மலைநாட்டிற் பெயரே பிழையாயிற்று. கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே 1850 களிற் தொடங்கிய சமயப்பணி ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே வழங்கப்பட்டது. ஞானஸ்நானத்தில் ஒருவன் புதிய மனிதனாகின்றான் என்று போதித்த பணி, அம்மனிதனைத் தோட்டக் கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலுள்ள சொல்லாலேயே அழைத்தது. பணியாளரின் நல்லெண்ணத்தை ஐயுறவேண்டியதில்லை. தோட்டத்தின் வரிசையைக் கலைக்காமல் தோட்டத்தவனின் ஆன்மாவை மட்டும் மீட்கலாம் என்ற எண்ணமே ஐயுறத்தக்கது.

கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் இதே நியாயம் இதைவிட வெளிப்படையாகப் பேசப்பட்டது. 1833 இற் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் திருச்சபைகளிற் சாதி வேறுபாடு ஒழிக்கப்படவேண்டும் எனப் பணித்தபோது, தஞ்சையின் உயர்சாதிக் கிறிஸ்தவர் அதனை எதிர்த்தனர். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரும் புலவராகிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதியாசாரத்தின் பக்கமே நின்றார். சாதி உலக வழக்கு, சமயம் ஆன்மாவுக்குரியது, ஒன்று மற்றதற்குத் தடையன்று என்பதே அத்தரப்பின் வாதம். இன்று உள்ளம், புறம் என்று பிரித்துப் பேசுவோர் அறிந்தோ அறியாமலோ வழிமொழிவது அவ்வாதத்தையே. திருநெல்வேலி வடக்கன்குளத்திலே அது கல்லும் சாந்துமாக எழுந்து நின்றது. ஒரே பீடத்தை நோக்கி இரு சாதியார் இரு பகுதிகளிலிருந்து வழிபட இடையே சுவர் வைத்த ஆலயம் அது. 1910 இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்தமையை எதிர்த்து வழக்காடியவரும் கிறிஸ்தவரே.

இந்தியாவில் இம்முரண் இன்று கேலிக்கூத்தாக நிற்கின்றது. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் கீழ், கிறிஸ்தவராகிய தாழ்த்தப்பட்டோர் பட்டியற் சாதியினருக்குரிய சலுகைகளைப் பெறுவதில்லை. பின்னர் 1956 இற் சீக்கியருக்கும் 1990 இற் பௌத்தருக்கும் அச்சலுகை விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. கிறிஸ்தவனுக்குச் சாதியில்லை என்பது அரசின் கூற்று. ஆனால் சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் தமிழகத்தில் உள்ளன. உண்டு என்பது அவற்றின் கூற்று. இரண்டுக்கும் இடையில் நசுங்குபவன், அரசிடம் போகும்போது கிறிஸ்தவனாகவும் ஆலயத்துக்குப் போகும்போது தாழ்ந்தவனாகவும் எண்ணப்படுகின்றான்.

யாழ்ப்பாணத்தவர் இவற்றைக் கேட்டுத் தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஆறுதல் கொள்ளல் இயலாது. இங்கும் கோவில்கள் சிலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தாழ்த்தப்பட்டோர் தனியிடத்தில் அமர்ந்தனர். சாதியை ஒட்டிப் பிரிந்த கோவில்களும் இருந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிற் சிறுபான்மைத் தமிழர் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடி நின்றதைச் சைவத்தின் நோயென்று சுட்டிக்காட்டும் கிறிஸ்தவர் உளர். சைவத்தின் வாசல் மூடியிருந்தது என்பது உண்மை. அதனைத் திறப்பதற்குச் சைவத்துள்ளேயே சைவர் போராடினர் என்பதும் உண்மை. தன் வாசல் திறந்திருந்தது, திருமணப் பேச்சு மட்டுமே மூடியிருந்தது என்று பெருமை கொள்ளும் சமூகம், தான் எதனாற் பெருமைப்படுகின்றது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். இன்றைய பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியைப் பார்ப்போருக்கு விளக்கம் வேண்டியதில்லை. சமயத்தின் பெயருக்கு அருகிற் சாதியின் பெயரும் அச்சாகின்றது. பெயர் அச்சாகாத இடத்து ‘கௌரவமான குடும்பம்’ என்னும் தொடர் அவ்வேலையைச் செய்கின்றது. ஞானஸ்நானப் பதிவேடு ஒருவனைக் கிறிஸ்துவின் அங்கம் என்று சொல்ல, விளம்பரம் அவன் எந்தக் கிளையின் அங்கம் என்று சொல்கின்றது. விசுவாசிகள் பெரும்பாலும் இரண்டாவதையே நம்பி மணம் பேசுகின்றனர்.

இக்கண்டனத்துக்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக எழும்.

முதலாவது, இறையியல் சார்ந்தது. மனிதன் மீட்கப்படுவது அருளாலேயன்றிச் செயலால் அன்று. ஆதலிற் பந்தியையும் மணத்தையும் அளவுகோலாக்குவது, மீண்டும் செயலை அருளின் இடத்தில் வைப்பதாகும் என்பர். இம்மறுப்பு தன்னையே மறுப்பது. அருள் பற்றி யாழ்ப்பாணத்தவர் பிறரிடம் இரவல் கேட்கவேண்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கொள்கையை ஒப்புநோக்கி 1964 இல் நூலொன்று வெளியிட்டவர். டி. ரி. நைல்ஸ் போதகர், நற்செய்திப் பணியென்பது உணவு கிடைக்கும் இடத்தை ஓர் இரவலன் மற்றோர் இரவலனுக்குக் காட்டுவது போன்றது என்று விளக்கியமை உலகத் திருச்சபைகள் பலவும் அறிந்தது. எல்லாம் அருளாற் கிடைத்ததாயின், பெற்றோர் அனைவரும் இரவலர். இரவலர் வரிசையில் மேல் கீழ் என்று இருக்கை போடுவோன் அருளைப் பெரிதாக மதித்தவன் அல்லன். தான் இரந்து பெற்றதையே மறந்தவன். செயல் அருளைச் சம்பாதிப்பதில்லை என்பது சரி. ஆனால் வரிசையை விடாதவன் தான் அருளைப் பெற்றதாகச் சொல்வதை மற்றவர் எதைக்கொண்டு நம்புவது?

இரண்டாவது மறுப்பு, அண்மைக்காலத்திற் பெருகிவரும் சுயாதீன சபைகளிலிருந்து வருவது. பழைய சபைகள் பிறப்புக் கிறிஸ்தவரால் நிரம்பியவை. மறுபடியும் பிறந்தோரிடையே இவ்வேறுபாடுகள் இல்லை என்பர். இதில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பழைய ஆலயங்களின் பின்வரிசையிலிருந்து எழுந்து சென்ற ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் இச்சபைகளில் முன்வரிசையில் அமர்ந்து, வாய்திறந்து செபித்து, தலைமையும் ஏற்றுள்ளனர். பழைய சபைகள் இதற்காக வெட்கப்படவேண்டுமேயன்றி இச்சபைகளைப் பரிகசித்தல் தகாது. ஆனால் ஒரு வரிசையைக் கலைத்தவர் வேறொரு வரிசையை நிறுவுதலும் ஆங்காங்கே காணப்படுகின்றது. இரட்சிக்கப்பட்டோர், இரட்சிக்கப்படாதோர் என்ற பிரிவு உறவினரின் செத்தவீட்டுக்குப் போவதையும், அயலவரின் பொங்கலை வாங்கி உண்பதையும் தடுக்குமளவுக்கு நீளும்போது, அந்தியோகியாவில் பேதுரு செய்ததே மீண்டும் நடைபெறுகின்றது. தூய்மையின் பெயரால் அயலவனின் கையிலிருந்து உணவு வாங்க மறுப்பது, எந்த வேதத்தை எடுத்துக்காட்டினும், தமிழர் நெடுங்காலம் அறிந்த தீட்டேயாகும்.

மூன்றாவது மறுப்பு, இன்னொரு திசையிலிருந்து வருவது. கிறிஸ்தவம் அந்நியம், கிறிஸ்தவத் தமிழன் அரைத் தமிழன் என்ற பழி சிலரால் இன்றும் சொல்லப்படுவதால், உள்வீட்டுக் குறைகளை வெளியிற் பேசலாகாது என்பர். அப்பழிக்கு விடை எப்போதோ கொடுக்கப்பட்டாயிற்று. சைவக் குடும்பத்திற் பிறந்து கத்தோலிக்கக் குருவாகிய நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகளின் சொல்லாராய்ச்சியும், 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்ற தனிநாயகம் அடிகளின் வாழ்வும் அவ்விடைகள். பெரும்பாலும் சைவராகிய மக்கள், கிறிஸ்தவராகிய சா. ஜே. வே. செல்வநாயகத்தைத் தமது தலைவராக ஏற்றதும் விடையே. மலைநாட்டுத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துத் தமது கட்சியிலிருந்து பிரிந்தவர் அவர். ஆனால் இவ்விடைகள் அனைத்தும் கிறிஸ்தவன் தமிழனா என்ற வினாவுக்கே விடையாகும். அவன் கிறிஸ்தவனா என்ற வினா அப்படியே நிற்கின்றது. மொழிக்குச் செய்த தொண்டின் பட்டியலை நீட்டி இரண்டாம் வினாவைத் தள்ளிப்போட முடியாது.

அவ்விரண்டாம் வினா இலங்கையில் உயிர்ப்பிரச்சினையாக எழுந்த காலமும் உண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 7 வீதத்துக்குச் சற்று மேற்பட்டோர் கிறிஸ்தவர். சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாக ஒருங்கே உறுப்பினராயுள்ள சமயம் கிறிஸ்தவமே. இத்தகைய உடல், நாடு இரண்டாகப் பிளந்தபோது தைத்துப் பிடிக்கும் நூலாயிருந்திருக்கவேண்டும். 1985 சனவரியில் மன்னார் வங்காலையிற் கொல்லப்பட்ட மேரி பஸ்தியன் அடிகளும், 1987 நவம்பரிற் புத்தளைப் பகுதியில் ஏழை விவசாயிகளிடையே வாழ்ந்து கொல்லப்பட்ட மைக்கல் றொட்றிகோ அடிகளும் அந்நூலின் இழைகள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். இவர்களைப் போன்றோர் சிலர் நீங்கலாக, இருமொழிக் கிறிஸ்தவரும் போரின் ஆண்டுகளிற் பெரும்பாலும் தத்தம் மொழியில் இறந்தோருக்காகவே அழுதனர். 1995 ஜூலை 9 ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். ஒரே அப்பத்தில் பங்குகொள்வதாக ஞாயிறுதோறும் அறிக்கையிடுவோருக்கு அது தம் வீட்டுச் சாவாகத் தெரிந்திருக்கவேண்டும். தெற்கின் பங்குகள் எத்தனைக்கு அது அவ்வாறு தெரிந்தது?

2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் சபையிலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். கொன்றவர் கத்தோலிக்கர், சுயாதீன சபையார் என்றோ, சிங்களவர், தமிழர் என்றோ பகுத்துப் பார்க்கவில்லை. கொலையாளிகளுக்கு ஒன்றாகத் தோன்றியோர், விசுவாசிகளின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதற்கு இவ்வளவு இரத்தம் சிந்தவேண்டியிருந்தது. அதன் பின்னரும் முதலிரு ஆலயங்களின் பெயர் ஒலிக்குமளவுக்குச் சிறுவர் பலர் மாண்ட சீயோன் சபையின் பெயர் ஒலிப்பதில்லை. மரணமும் கலைக்காத வரிசை இது.

ஆகவே ஆன்மிக அடையாளம் என்பது உள்ளத்திற் பூட்டிவைக்கும் பொருளன்று. உள்ளத்தில் அது தொடங்கலாம். அங்கேயே நின்றுவிடுமாயின் அது தொடங்கவேயில்லை என்பதே பொருள். கிறிஸ்தவத்தின் சொந்த நூல் அதனைச் சோதிக்க மூன்று இடங்களைக் காட்டுகின்றது எனலாம்: பந்தி, மணவறை, சேமக்காலை. பந்தியில் யாருக்கருகில் அமர்வது, யாருடைய பிள்ளைக்குப் பெண் கொடுப்பது, யாருடைய சாவைத் தன் வீட்டுச் சாவாக எண்ணுவது என்ற மூன்று வினாக்களுக்கும் அயலவன் சொல்லும் விடையையே கிறிஸ்தவனும் சொல்வானாயின், ஞானஸ்நானத்தில் அவனுக்குக் கிடைத்தது பெயர் ஒன்றே. ஒல்லாந்தர் தோம்பு எழுதியோரும் அதனைத்தான் கொடுத்தனர்.

இதனைச் சீர்செய்யப் புதிய மாநாடோ புதிய அறிக்கையோ தேவையில்லை. வேண்டிய அறிக்கை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. பங்கு மன்றங்களும் சபைகளும் தத்தம் சேமக்காலையையும் திருமணப் பதிவேட்டையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பிரிவு வெளிப்படின் அதனை உலக வழக்கென்று மூடாமற் பாவமென்று பெயரிட்டு அழைக்கட்டும். குருமார் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் போதிக்கும் நாளில் இரண்டாம் அதிகாரத்தையும் வாசிக்கட்டும். தாழ்த்தப்பட்டோரும் தோட்டத்தவரும் இச்சமயத்தைத் தழுவியபோது உள்ளத்துக்கு மட்டும் ஆறுதல் தேடி வந்தவர்கள் அல்லர்; தம்மையும் மனிதராக எண்ணும் ஒரு பந்தியைத் தேடி வந்தவர்கள். அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட இருக்கை இன்னும் வெறுமையாக இருக்கின்றது.